“தாத்தா வண்டி எங்கே?” - குழந்தையோடு தனியாக விமானம் ஏறும் அம்மாக்களுக்கு!

“பாப்பா, நீ அம்மாகூட முன்னாடி போ. தாத்தா வண்டிய நிப்பாட்டிட்டு வர்றேன்.”

சென்னை விமான நிலையத்தில், வெளிநாட்டுப் பயணிகள் உள்ளே நுழையும் வாசலில் நின்று என் அப்பா சொன்ன பொய் இது. கேட்டுக்கொண்டது அக்காவின் மகள். அன்று அவளுக்கு 20 மாதம்.

மாமா ஜெர்மனியின் ஸ்டட்கர்ட் நகரில் வேலைக்குச் சேர்ந்தபோது பாப்பாவுக்கு ஐந்து மாதம். அவர் அங்கே வீடு பார்த்து, இங்கே விசா கைக்கு வருவதற்குள், பாப்பா மதுரை வீட்டில் நடக்கப் பழகி, ஓடப் பழகி, அம்மாச்சி சேலையில் கட்டிய தூளி இல்லாமல் தூங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அதுவரை அவளுக்கு அப்பா போனில் இருந்தார். அம்மாச்சியும் தாத்தாவும் வீட்டில் இருந்தார்கள். செப்டம்பர் மாதத்தின் ஓர் இரவில் அது அப்படியே தலைகீழானது.

டிக்கெட் இல்லாதவர்களுக்கு முனையத்துக்குள் அனுமதி இல்லை. மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்க்கும் அந்த வாசலோடு வழியனுப்புதல் முடிந்துவிடும். பாப்பா அழுதால் நமக்குத் தாங்காது என்றுதான் அப்பா அப்படிச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். பாப்பா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ‘நல்லவேளை, அழல’ என்று நிம்மதியாக மூச்சு விட்டோம்.

அந்த நிம்மதிக்கு அக்கா கொடுத்த விலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன், நாங்கள் சரியாகச் செய்த விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பயணம் நெருங்கிக்கொண்டிருக்கலாம்.

டிக்கெட், தொட்டில், காகிதங்கள்

இரண்டு வயது முடியாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பறக்கலாம். வெளிநாட்டு விமானங்களில் இதற்குப் பெரியவர்கள் கட்டணத்தில் சுமார் 10 சதவிகிதம் வாங்குவது வழக்கம். குழந்தைக்கும் தனி டிக்கெட், தனி பாஸ்போர்ட், தனி விசா வேண்டும். போகும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்பும்போது இரண்டு வயது தாண்டிவிடும் என்றால் திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும்.

முன்வரிசைச் சுவரில் மாட்டும் குழந்தைத் தொட்டில் எண்ணிக்கையில் மிகக் குறைவு. டிக்கெட் போட்ட உடனே விமான நிறுவனத்திடம் கேட்டு வைத்துவிடுங்கள். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எங்கள் பாப்பா 11 கிலோ. எடைக் கணக்கில் தேறிவிட்டாள். ஆனால் காலை நீட்டிப் படுக்க இடம் போதவில்லை. ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தை என்றால் தொட்டிலை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கையில் வைத்திருக்கும் பையில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கட்டும். அம்மா மட்டும் குழந்தையோடு போகிறார் என்றால், அப்பாவின் சம்மதக் கடிதமும் அவருடைய பாஸ்போர்ட் நகலும் இருப்பது நல்லது. எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்றில்லை. கேட்கும் இடத்தில் அது பெட்டிக்குள் போயிருக்கக் கூடாது.

காதுவலிக்கு மருந்து, ஒரு மடக்குத் தண்ணீர்

விமானம் இறங்கும்போது உள்ளே காற்றழுத்தம் கூடும். அது காதுக்குள்ளும் சமமானால்தான் வலிக்காது. நாம் எச்சில் விழுங்கும்போது தொண்டையையும் காதையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து, அழுத்தம் சரியாகும். குழந்தைக்கு அது தெரியாதே! அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் தாய்ப்பாலோ, பாட்டில் பாலோ, டம்ளரில் தண்ணீரோ எதையாவது விழுங்க வைக்க வேண்டும். தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே விமானம் தாழ ஆரம்பித்துவிடும். தூங்குகிற குழந்தையை அப்போதே மெதுவாக எழுப்பிவிடுங்கள். சளி, காதுவலி இருந்தால் பயணத்துக்கு முன்பே குழந்தைகள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியில் குழந்தைப் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. பயணத்துக்குத் தேவையான அளவு எடுத்துப் போகலாம். சோதனையில் திறந்து காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அம்மாவின் நெய்

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அம்மா வெண்ணெய் உருக்கி ஒரு தூக்குச்சட்டி நிறைய நெய் காய்ச்சி வைத்திருந்தார். முருங்கைக்கீரை போட்டு இறக்கிய நெய். அன்று இரவுதான் நான் விதிகளைத் தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சிப் பொருள்களையும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். குழந்தைகளுக்கான பால்பவுடருக்கு மட்டும், பிரிக்காத டப்பாவாக 2 கிலோ வரை அனுமதி. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும்.

“பிள்ளைக்குச் சோத்துல ஊத்துற நெய்யக்கூடவா கூடாதுங்குறான்?” என்றார் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. தூக்குச்சட்டியை மூடி அலமாரியில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே அடுப்பை மூட்டி, பால் சேர்க்காத சத்துமாவும் பருப்புப்பொடியும் வறுக்க ஆரம்பித்தார். நெய் இல்லாவிட்டாலும் பேத்திக்காகத் தன் கையால் ஏதாவது செய்து அனுப்ப வேண்டும் அவருக்கு.

எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டு விதியைப் பெட்டி கட்டும் முன்பே பார்த்து, வீட்டில் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைப்பது அவர்களை ரொம்பவே நோகடிக்கும்.

பத்து மணி நேரமும் ஒரே கேள்வி

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன்.

குடியேற்றப் பிரிவு வரிசையில் நிற்கும்போதே பாப்பா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறாள். “தாத்தா? வண்டி?” அக்கா, “வருவாங்கடா” என்றிருக்கிறாள். விமானத்தில் யார் எழுந்து நடந்தாலும் எட்டிப் பார்த்திருக்கிறாள். நரைத்த தலையோடு ஒரு பெரியவர் கடந்துபோனபோது, “தாத்தா!” என்று கூப்பிட்டு, அவர் திரும்பியதும் முகம் சுருங்கிப்போனாளாம். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10 மணி நேரம். அம்மாவின் பழைய நூல்சேலையைப் போர்த்திக்கொண்டு இடையில் மூன்று மணி நேரம்தான் தூங்கியிருக்கிறாள். விழித்ததும் அதே கேள்வி.

“வாசல்லயே அழுதிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும்டி” என்றாள் அக்கா, போய்ச் சேர்ந்த மறுநாள். “அவ அழுதத தாங்கிக்கலாம். தேடிக்கிட்டே வந்தா பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.”

பிரிவைக் கண்டு பயப்படும் பருவம் குழந்தைகளுக்குச் சுமார் எட்டு மாதத்தில் தொடங்கி, மூன்று வயது வரைகூட நீடிக்கும். சொல்லாமல் நழுவிப் போவதைவிட, சுருக்கமாகச் சொல்லி, டாட்டா காட்டிப் பிரிவதே நல்லது என்பதுதான் குழந்தை நலம் பேசுபவர்கள் பொதுவாகத் தரும் ஆலோசனை. பேச்சு முழுதாக வராத வயதிலும் நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்குப் புரியும். “நாம பிளேன்ல அப்பாகிட்ட போறோம். அம்மாச்சியும் தாத்தாவும் மதுரை வீட்லதான் இருப்பாங்க. போன்ல பார்க்கலாம்.” இதை ஒரு வாரம் முன்பிருந்தே சோறூட்டும்போது நாங்கள் சொல்லியிருக்கலாம். பெட்டிக்கும் பாலுக்கும் காகிதத்துக்கும் பட்டியல் போட்ட எனக்கு, இதை அந்தப் பட்டியலில் எழுதத் தோன்றவில்லை.

அதிகாலை 3 மணி அழைப்பு

போய்ச் சேர்ந்த முதல் வாரம் பாப்பா தினமும் அதிகாலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். அக்டோபர் கடைசி வரை ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே 3 மணி என்றால் மதுரையில் ஆறரை. அவள் எப்போதும் எழும் நேரம்தான் அது. உடம்பின் கடிகாரம் புது ஊருக்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். பகலில் வெளிச்சத்தில் விளையாட விடுவதும், பகல் தூக்கத்தை நீள விடாமல் பார்த்துக்கொள்வதும் உதவும்.

மூன்றாம் நாள் அந்த நேரத்தில் அக்கா வீடியோ கால் போட்டாள். ஒன்றரை வயதுக்குள் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்கூட வீடியோ காலுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறது. அம்மா காபியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பாப்பா முதலில் போனைத் திருப்பி, பின்பக்கம் பார்த்தாள். அப்புறம், “தாத்தா?” என்றாள்.

அப்பா வந்து உட்கார்ந்தார். “வண்டி?” என்று கேட்டாள்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “வண்டி வரலடா கண்ணு. தாத்தா பொய் சொல்லிட்டேன். தாத்தா மதுரைல இருக்கேன். நீ அப்பாகூட இரு.”

எவ்வளவு புரிந்ததோ, தெரியவில்லை. உதடு பிதுங்கியது. அழுதாள். மாமா தூக்கி வைத்துக்கொண்டார். அதுவரை அவரிடம் போக மறுத்தவள் தோளில் சாய்ந்துகொண்டே அழுதாள். இந்தப் பக்கம் அப்பா திரையை அணைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகை ஓய்ந்ததும் அக்கா சத்துமாவுக் கஞ்சியை ஆற்றிக் கொண்டுவந்தாள். ஸ்பூனைத் தூக்கிப் போனில் காட்டி, “ம்மாச்சி, கஞ்சி” என்றாள் பாப்பா.

அன்று முதல் அவள் வண்டியைக் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் போனைத்தான் கேட்கிறாள்.

உங்கள் வீட்டில் யாராவது குழந்தையோடு கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தால், பட்டியலில் இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று குழந்தையிடம் சொல்ல வேண்டும். அதைத் தாத்தாவும் பாட்டியுமே தங்கள் வாயால் சொன்னால் இன்னும் நல்லது. வாசலில் குழந்தை அழுதால், அழட்டும். ஐந்து நிமிடம் முன்னதாகவே போய், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.