ஊர் திரும்பிய பின் கழகம் யாருக்கு?

மீள்குடியேற்றம் பற்றிய கூட்டங்களில் வாசிக்கப்படும் தேவைப் பட்டியல் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் வருகிறது. வீடு, கிணறு, மலசலகூடம், வீதி, பாடசாலை, வைத்தியசாலை, விதைநெல், வேலி அடைக்க முட்கம்பி. கூட்டம் கலையும் தறுவாயில் பின்வரிசையில் நிற்கும் ஓர் இளைஞன் எழுந்து, “எங்கட கிறவுண்டுக்கு என்ன செய்யப் போறியள்?” என்று கேட்பான். சபையில் ஒரு சிரிப்பு எழும். “அதைப் பிறகு பாப்பம் தம்பி” என்று தலைவர் முடித்து வைப்பார். பந்தடிப்பது வயிறு நிறைந்தவன் வேலை என்பது எம் பெரியவர்கள் பலருடைய எண்ணம். கிணற்றுக்கு முன்னர் திடலைக் கேட்க எவருக்கும் மனம் வராது; எனக்கும் வராது. ஆனால் அது கடைசி வரியிலும் இல்லாமற் போவது சரியல்ல. அப்படி விடப்படும்போது ஊர் இழப்பது என்ன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

காரைநகரை எடுத்துக்கொள்வோம். பொன்னாலைப் பாலத்தால் குடாநாட்டோடு இணைந்திருக்கும் இத்தீவில் நெல் ஒரு போகந்தான். மழையை நம்பி ஆவணி, புரட்டாதியில் விதைப்பார்கள். தை, மாசியில் அரிவு வெட்டி, சூடடித்து, வைக்கோலை ஏற்றிய பின்னர் வெளி முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமைதான் பிள்ளைகளின் மைதானம். நெற்தாள் காலில் குத்தும். இரண்டு வாரம் ஓடினால் தானாகவே மிதிபட்டுப் போகும். காணிக்காரரிடம் பெடியள் போய்க் கேட்பார்கள். வரம்பை வெட்டக்கூடாது, முதல் மழை விழுந்ததும் கம்பத்தைக் கழற்றவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு அவரும் சம்மதிப்பார். பூவரசங் கதியால் இரண்டு நட்டால் கோல் கம்பம். கரையில் கேட்டு வாங்கிய கிழிந்த மீன்வலை கரப்பந்தாட்ட வலையாகும். வயலுக்கும் திடலுக்கும் இடையே எழுதாத குத்தகை ஒன்று இப்படித்தான் இருந்தது. கமக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு நிலத்தோடு இருந்த உறவில் இதுவும் ஒரு பகுதி.

கழகம் என்பது பந்து மட்டுமல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. செத்தவீட்டில் பந்தல் போட்டதும், கதிரை தூக்கியதும், திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வைத்ததும், கோடையில் பொதுக்கிணறு இறைத்துச் சேறு வாரியதும் அந்தப் பிள்ளைகள்தான். சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசித்த கூட்டமும் மாலையில் திடலில் நின்ற கூட்டமும் ஒன்றேதான். காரைநகரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவ்வூர் ஆண்களிற் பலர் கொழும்பிலும் தெற்கின் ஏனைய நகரங்களிலும் வணிகம் செய்தவர்கள். வருடத்தில் சில வாரங்களே வீட்டில் நின்றவர்கள். தகப்பன் இல்லாத மாலைப் பொழுதில் பதின்மூன்று வயதுப் பையனைக் கண்டித்தது திடலில் நின்ற இருபத்தைந்து வயது அண்ணன்தான். கழகத்தின் இந்த வேலையை எந்தத் திட்ட அறிக்கையும் கணக்கெடுத்ததில்லை.

பின்னர் நடந்தவை நாம் எல்லோரும் அறிந்தவை. 1990 யூனில் வலிகாமம் வடக்கு வெளியேறியது. ஓகஸ்டில் ஊர்காவற்றுறை, வேலணைப் பகுதி மக்கள் ஓடினார்கள். 1991 இல் காரைநகரும் வெறுமையானது. கரப்பந்தாட்டம் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டதும் அதே 1991 இல்தான் என்பது ஒரு வேடிக்கை. வலிகாமத்தில் ஒதுங்கியிருந்த காரைநகர்க் குடும்பங்கள் 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி மற்றவர்களோடு சேர்ந்து இரண்டாம் முறையும் நடந்தன. 1996 முதல்தான் ஒரு பகுதியினர் ஊர் திரும்பத் தொடங்கினர்.

நிலத்தை இழந்த கமக்காரன் நிலத்தை மட்டும் இழப்பதில்லை, “நீ ஆர்?” என்ற கேள்விக்குரிய விடையையும் இழக்கிறான். நலன்புரி நிலையத்தில் அதற்கு விடையாக இருந்தது நிவாரண அட்டையின் இலக்கம். ஆனால் மாலையில் பாடசாலை முற்றத்தில் வலை கட்டியபோது ஊரின் பெயர் திரும்ப வந்தது. இடம்பெயர்ந்த ஊர்களின் பெயரிலேயே அணிகள் ஆடின. கழகத்தின் இறப்பர் முத்திரையையும் பதிவேட்டையும் நகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். கரப்பந்தாட்டமும் அதன் யாழ்ப்பாணத்துப் பிள்ளையான ஓவர்கேமும் அக்காலத்தில் எங்கும் பரவியதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. ஆகச் சிறிய உதைபந்தாட்டத் திடலுக்கே ஓர் ஏக்கர், அதாவது பதினாறு பரப்பு வேண்டும். கரப்பந்தாட்டத்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும்; சுற்றி ஓட இடம் விட்டாலும் ஒன்றரைப் பரப்புக்குள் அடங்கிவிடும். பிறர் காணியில் இருப்பவனுக்கு ஏற்ற விளையாட்டு.

அந்த முற்றங்களில் நான் கண்ட இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். ஊரில் இருந்தபோது ஒரே அணியில் நின்றறியாத பிள்ளைகள் அங்கே ஒரே அணியில் நின்றார்கள். காரணம் பெருந்தன்மையல்ல. பந்து ஒன்று, வலை ஒன்று, ஆட்கள் குறைவு. எம் தீவுகளிலும் குடாநாட்டிலும் கழகங்கள் பெரும்பாலும் குறிச்சிக்கு ஒன்றாகவே எழுந்தவை. குறிச்சியின் எல்லை சாதியின் எல்லையாகவும் இருந்தது. எந்தக் கிணற்றில் அள்ளலாம், எந்தக் கோயிலின் எந்த வாசல் வரை போகலாம் என்று வகுத்த அதே கோடுதான் எந்தக் கழகத்தில் ஆடலாம் என்பதையும் வகுத்தது. இதை மறைத்துவிட்டு “கழகம் ஊரை ஒன்றாக்கியது” என்று பேசுவது பாதி உண்மை. கழகம் குறிச்சியை ஒன்றாக்கியது. ஊரைப் பல வேளைகளில் பிரித்தே வைத்திருந்தது. அடையாளக் கல்லையும் வேலியையும் இடம்பெயர்வு சில காலம் அழித்தது. ஊர் திரும்பியதும் நாம் முதலில் தேடிப்பிடித்தவை அவற்றைத்தான்.

இப்போது கணக்கு வேறு. 2012 குடிசன மதிப்பீட்டின்போது காரைநகரில் இருந்தவர்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர்தான். பூட்டிய வீடுகள் நிறைந்த ஒழுங்கைகளில், ஒரு குறிச்சியில் ஏழு பெடியள், அடுத்த குறிச்சியில் எட்டுப் பேர் என்றால் இரண்டிலும் உதைபந்தாட்ட அணி இல்லை. சேர்ந்தால் பதினைந்து பேர். அணியும் உண்டு, மாற்று வீரரும் உண்டு. ஆனால் சேர்வதில்லை. சுற்றுப்போட்டி வந்தால் வெளியூரிலிருந்து ஆள் பிடித்துக் குறிச்சியின் பெயரில் இறக்குகிறோம். பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறான்.

ஆள் குறைந்துபோகும் ஊர் கழகத்தை எப்படிக் காப்பது என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்தில் கோதுமை விளையும் சிற்றூர்கள் பல இதே கேள்வியை வேறு காரணத்தால் சந்தித்தன. அங்கே ஆடுவது அவர்களுக்கே உரிய ஒருவகைக் காற்பந்தாட்டம். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவத் திடல், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையையும் பாவிக்கலாம், காலையும் பாவிக்கலாம். 1859 இல் மெல்பேர்ணில் விதிகள் எழுதப்பட்ட ஆட்டம் அது. பண்ணைகள் பெருத்துக் குடும்பங்கள் குறைந்தன, வறட்சி வந்தது, பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள். வங்கியும் பாடசாலையும் மூடிய சில ஊர்களில் மிஞ்சியது கழகம் ஒன்றுதான். பதினெட்டுப் பேர் தேறாத நிலை வந்தபோது, தலைமுறையாக எதிரெதிரே ஆடிய அயலூர்கள் கழகங்களை ஒன்றாக்கி, இரண்டு ஊர்ப் பெயரையும் நடுவில் ஒரு கோடிட்டுச் சேர்த்து எழுதிக்கொண்டன. நாட்டுப்புறக் கழகங்களின் நிலையை ஆராய 2004 இல் அம்மாநில நாடாளுமன்றத்தின் குழுவொன்றே அமர்ந்தது. அவர்களை எவரும் குண்டு போட்டுத் துரத்தவில்லை. அவர்கள் நிலமும் பறிபோகவில்லை. அந்த வேறுபாட்டை மறந்து ஒப்பிடக்கூடாது. என்றாலும் ஒன்றைக் கவனியுங்கள்: திடலில் ஆள் இல்லை என்றதும் அவர்கள் வெளியூர் ஆளைத் தேடுவதோடு நிற்கவில்லை, அடுத்த ஊரின் கதவையும் தட்டினார்கள்.

அவர்களிடம் பார்க்கவேண்டிய இன்னொரு வழக்கமும் உண்டு. அதே சனிக்கிழமை, அதே வளவில், ஆண்கள் பந்தடிக்கும் வேளையில் பெண்கள் வலைப்பந்து ஆடுகிறார்கள். தாயும் மகளும் பார்வையாளராக வருவதில்லை, ஆட வருகிறார்கள். எம் பெண்பிள்ளைகள் பாடசாலையில் வலைப்பந்து நன்றாகவே ஆடுகிறார்கள். சாதாரண தரம், உயர்தரம் முடிந்ததும் அந்தக் கால்களுக்கு வேலை இல்லை. யாழ்ப்பாணத்துக் கிராமத்துப் பிள்ளையான தர்ஜினி சிவலிங்கம் 2018 இல் இலங்கை அணி ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அதன் முதுகெலும்பாக நின்றவர். அதே விக்ரோரியாவில் கழக அணியிலும் ஆடியவர். அவரைப் பாராட்டிப் பதாகை கட்டிய ஊர்களில் எத்தனை, பெண்களுக்கென ஒரு வளையக் கம்பம் நட்டன? வலைப்பந்துக்கு வேண்டியது இரண்டு பரப்புக் காணி. யுத்தத்தின் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை இருக்கும் எம் ஊர்களில், கழக நிருவாகத்தில் பொருளாளர் பதவிகூடப் பெண்ணுக்குப் போகாதது எனக்கு விளங்கவில்லை. வீட்டுச் சீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

இனிப் பணம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள எம் உறவுகள் ஊரை மறக்கவில்லை. பாடசாலைக்கும் கோயிலுக்கும் வைத்தியசாலைக்கும் அவர்கள் செய்தவை கண்முன்னே நிற்கின்றன. நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்: விளையாட்டுக்கு வரும் பணம் பெரும்பாலும் தவறான இடத்தில் விழுகிறது. ஆளுயரக் கிண்ணம், மின்னொளி, பெயர் பொறித்த அரங்கு, இலட்சக்கணக்கில் பரிசு. சுற்றுப்போட்டி முடிந்த திங்கட்கிழமை பயிற்சிக்குக் காற்றுப் போகாத பந்து ஒன்று இராது. அனுப்புகிறவர் தாம் பிறந்த குறிச்சிக்கு அனுப்புகிறார், அது இயல்பு. அதன் விளைவு, பழைய எல்லைக் கோட்டில் இப்போது சீமெந்து பூசப்படுகிறது. போட்டி முடிவில் கதிரை பறப்பதும் பொலிசார் வருவதும் நடக்கிறதே, கழகங்கள் சண்டையைத்தானே வளர்க்கின்றன என்று கேட்பவர்களுக்கும் என் விடை இதுதான். சண்டை பந்திலிருந்து வரவில்லை. பந்துக்குப் பின்னால் நாம் நட்டு வைத்த கொடியிலிருந்து வருகிறது.

2025 செப்ரெம்பர் 1 ஆம் திகதி மண்டைதீவில் அனைத்துலகத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நல்லது நடக்கட்டும். பெரிய மைதானம் பார்க்கப் போகும் இடம். ஊர்த் திடல் ஆடும் இடம். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. தீவகத்தில் விளையாட்டு வளர்கிறது என்று எவராவது சொன்னால், உங்கள் வீட்டிலிருந்து பிள்ளை நடந்துபோகும் தூரத்தில் திடல் உண்டா என்று மட்டும் கேளுங்கள்.

வலிகாமம் வடக்கில் மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில் விடுவிக்கப்பட்டபோது போன குடும்பங்கள் உண்டு. அயலில் தங்கள் காணி இன்னும் விடுவிக்கப்படாததால் வாடகை வீட்டில் இருப்பவர்களும் உண்டு. அப்படி இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் ஊர்க் கழகத்தின் பதிவைக் கைவிடாதீர்கள். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் புதுப்பித்து வையுங்கள். அதேவேளை, நீங்கள் இருக்கும் ஊரின் பிள்ளைகளை உங்கள் அணியில் சேருங்கள், உங்கள் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். ஊரின் பெயரைக் காப்பது வேறு, வேலி போடுவது வேறு.

ஊர் திரும்பியவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. திடலுக்காக எவராவது காணி தந்தால் தனி ஒருவர் பெயரிலோ குறிச்சியின் பெயரிலோ எழுதாமல் பிரதேச சபையின் பெயரில் உறுதி முடியுங்கள். தருகிறவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வேலி அடைத்த கதைகள் போதும். வெளிநாட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதும்போது கிண்ணம் கேட்காமல் பந்து, வலை, பயிற்றுநரின் போக்குவரத்துச் செலவு கேளுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவித்தலை ஒரு குறிச்சியில் மட்டும் ஒட்டாமல், வலந்தலைச் சந்தியில் எல்லோரும் காணும்படி ஒட்டுங்கள். அந்த ஒரு தாள் எங்கே ஒட்டப்படுகிறது என்பதில்தான் கழகம் யாருக்கு என்பது தெரியவரும்.

திடலே இல்லாத இடங்களில் பழைய வழி இன்னும் இருக்கிறது. மாசி முடிய வெளி வெறுமையாகிவிடும். காணிக்காரர் கனடாவில் என்றால் தொலைபேசியில் தையிலேயே கேட்டு வைக்கலாம். வரம்பை வெட்டமாட்டோம், முதல் மழைக்குக் கம்பத்தைக் கழற்றிவிடுவோம் என்ற அதே இரண்டு வாக்குறுதிகளோடு. கேட்கப் போகும்போது இரண்டு குறிச்சிப் பெடியளும் சேர்ந்து போங்கள்.