புது டிஸ்க் எழும்பவில்லையா? பதற வேண்டாம்!



வீட்டுக் கம்பியூட்டர் ஆமையாகிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் பறக்கும் என்று யாரோ சொல்கிறார்கள். மகன் பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்குப் பிரதி எடுக்கிறான். ‘குளோன்’ என்பது இதற்குப் பெயர். நூறு சதவீதம் முடிந்தது என்று திரையும் சொல்கிறது. ஆனால் புது டிஸ்க்கைப் பூட்டி சுவிட்சைத் தட்டினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. அதாவது, எழும்புவதற்கு ஏற்ற டிஸ்க் எதையும் காணவில்லையாம்!

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. புது மெஷின் வாங்குவதா, இருப்பதைச் சீர்செய்து கொள்வதா என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்திருக்கும். அதோடு நமது கற்பிட்டி, நுரைச்சோலை, புத்தளம் கரையோரத்தில் உப்புக் காற்று வேறு. ஆகவே இந்த ‘எழும்பாத பிரதி’ விஷயத்தை வீட்டுப் பெண்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இது வெறும் இயந்திரக் கோளாறுதானே என்று நினைக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? காணி உறுதியின் பிரதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள், தையல் ஓடர் கணக்கு, மௌத்தாகிப் போன வாப்பாவின் குரல். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்துக்கு வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள், போட்டோ ஆல்பத்தையா தேடி எடுத்திருப்பார்கள்? பின்னர் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கி ஸ்கேன் பண்ணி வைத்த நாலு படங்கள்தான் ஒரு குடும்பத்தின் முழு ஆல்பமாகவும் இருக்கலாம். ‘ஃபோர்மட் பண்ணிப் புதுசாப் போட்டுத் தாறேன்’ என்ற ஒரு வார்த்தையில் அது போய்விடக் கூடாது.

எனவே ஒன்றை மனதில் இருத்துங்கள். எழும்பாத பிரதி என்றால் அழிந்த பிரதி என்று அர்த்தமல்ல. பழைய டிஸ்க் பத்திரமாக இருக்கும் வரை உங்கள் பொருள் எதுவும் தொலையவில்லை.

ஏன் எழும்புவதில்லை?

சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ‘பயோஸ்’ என்ற சிறிய புரோகிராம்தான் விழிக்கிறது. புதிய முறையில் அதற்கு ‘யூ.ஈ.எஃப்.ஐ’ என்று பெயர். அது டிஸ்க்கின் ஒரு மூலையில் இருக்கும் சிறு பகுதியைத் தேடிப் போகும். விண்டோஸ் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு அங்கேதான் உண்டு. சில நூறு எம்.பி. மட்டுமே கொண்ட இந்தப் பகுதி சாதாரணமாகக் கண்ணில் படாது. பலர் ‘சி’ டிரைவை மட்டும் பிரதி எடுத்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சாமான் முழுவதையும் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, வாசல் கதவின் திறப்பை மறந்து வந்தது போலத்தான்.

இனி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலாவது, கம்பியூட்டரை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து வையுங்கள். பிரதி எடுத்த இரண்டு டிஸ்க்குகளுக்கும் ஒரே அடையாள எண் இருக்கக் கூடும். இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் விண்டோஸ் குழம்பி, ஒன்றை ‘ஓஃப்லைன்’ என்று ஒதுக்கிவிடும். அதை வற்புறுத்தி ‘ஒன்லைன்’ ஆக்கினால் அதன் எண் மாறிவிடும். பிறகு துவக்கக் குறிப்பு பழைய எண்ணையே தேடிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, புது டிஸ்க் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யூ.எஸ்.பி. வயரில் வெளியே தொங்கினால் விண்டோஸ் பொதுவாக அதிலிருந்து எழும்பாது. உள்ளே, பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே பூட்ட வேண்டும்.

மூன்றாவது, சுவிட்சைப் போட்ட உடனே எஃப்2 அல்லது டிலீட் விசையைத் தட்டி பயோஸுக்குள் போங்கள். விசை கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். அங்கே புது டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் கோளாறு பிரதியில் இல்லை. வயரில் அல்லது டிஸ்க்கில்தான். கடலோர வீடுகளில் செம்பு முனைகளில் பச்சை படிந்து தொடர்பு விட்டுப்போவது உண்டு. வயரை மாற்றிப் பாருங்கள். மிகப் பழைய மதர்போர்டுகள் சிலவற்றுக்கு ‘என்.வி.எம்.ஈ’ என்ற புதுவகை டிஸ்க்கிலிருந்து எழும்பத் தெரியாது. அவற்றுக்கு ‘சாட்டா’ வகையே பொருத்தம். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, பெயர் தெரிந்தால் எழும்பும் வரிசையில் அதை முதலாவதாக வையுங்கள். அங்கே ‘யூ.ஈ.எஃப்.ஐ’, ‘லெகசி’ என்று இரண்டு முறைகள் இருக்கும். பழைய விண்டோஸ் எந்த முறையில் ஓடியதோ அதே முறையில்தான் பிரதியும் எழும்பும். எதையும் மாற்றுமுன், இருந்த நிலையை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள்.

ஐந்தாவது, இவ்வளவும் சரியென்றால் அந்தச் சிறு பகுதிதான் விடுபட்டிருக்க வேண்டும். சுலபமான வழி, மீண்டும் பிரதி எடுப்பது. இம்முறை ‘சி’ என்று தெரிவு செய்யாமல் முழு டிஸ்க்கையும் தெரிவு செய்யுங்கள். எதிலிருந்து எதற்கு என்பதை மூன்று தடவை சரி பாருங்கள். திசை மாறினால் வெற்று டிஸ்க் பழையதன் மேல் எழுதப்பட்டு, எல்லாம் போய்விடும்! பழைய டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தமிட்டால் மட்டும் மறுபடி முயற்சிக்க வேண்டாம். அதை நிறுத்திவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

இன்னொரு வழி, வேறு கம்பியூட்டரில் மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றைத் தயாரிப்பது. 8 ஜீ.பீ. போதும், ஆனால் அதிலுள்ளவை அழிந்துவிடும், வெறும் பென் டிரைவாக எடுங்கள். அதிலிருந்து எழுப்பி, ‘இன்ஸ்டோல்’ என்பதை அழுத்தாமல், ‘ரிப்பேர்’ என்பதற்குள் போய் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ‘பிசிடிபூட்’ என்ற கட்டளை துவக்கக் குறிப்பைப் புதிதாக எழுதும். தெரிந்தவர் ஒருவர் அதைச் சில நிமிடங்களில் செய்து தருவார்.

நீலத் திரை வந்து ‘இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்றால் நல்ல செய்திதான். விண்டோஸ் எழும்பத் தொடங்கிவிட்டது; புது டிஸ்க்கோடு பேசும் டிரைவர்தான் தயாராக இல்லை. அதே ரிப்பேர் பக்கத்திலிருந்து ஒரு தடவை ‘சேஃப் மோட்’டில் எழுப்பிவிட்டால் பல நேரம் சரியாகிவிடும்.

‘பிட்லொக்கர்’ என்ற பூட்டு போடப்பட்ட கம்பியூட்டர்களில் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அது மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கக் கூடும். வேலையைத் தொடங்கும் முன்பே அதைத் தேடி எடுத்துக் கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். இலங்கையின் பெரிய அனல் மின் நிலையமான லக்விஜய நமது நுரைச்சோலையில்தான் இருக்கிறது. அதற்காக நமக்கு இருட்டு இல்லாமலா போயிற்று? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது அந்த நிலையமே நின்று போனது. பிரதி எடுக்கும்போது பாதியில் கரண்ட் போனால் அது அரைகுறைப் பிரதி, முதலிலிருந்து தொடங்குங்கள். பெட்டரி நன்றாக உள்ள லெப்டொப்பில் செய்வது புத்திசாலித்தனம்.

கடைக்குக் கொண்டு போவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, பழைய டிஸ்க் வீட்டிலேயே இருக்கட்டும். ‘இதில் எதையும் அழிக்க வேண்டாம், எழும்பும்படி மட்டும் செய்து தாருங்கள்’ என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். இரண்டு, வீட்டுப் பெண்களின் படங்கள் அந்தப் பிரதியிலும் இருக்கின்றன. முடிந்தால் நானாவோ தம்பியோ பக்கத்தில் இருக்க, கண் முன்னே வேலை நடக்கட்டும். அப்படிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். அது உங்கள் உரிமை.

டிஸ்க்கைப் பூட்டியதும் ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று விண்டோஸே கேட்பதும் உண்டு. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: பதில் ‘வேண்டாம்’ என்பதே.

எல்லாம் சரியாகி புது டிஸ்க் எழும்பிவிட்டதா? உடனே பழையதை விற்றுவிடாதீர்கள். படங்கள், கணக்கு, கடிதங்கள் எல்லாம் திறக்கின்றனவா என்று ஒரு மாதம் பாருங்கள். அதுவரை பழைய டிஸ்க்கில் திகதி எழுதி ஒட்டி, மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

பிரதி எடுத்தால் பாதுகாப்பு முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். குளோன் என்பது பழைய டிஸ்க்கிலுள்ள வைரஸையும் பழுதான ஃபைலையும் சேர்த்தே பிரதி எடுக்கும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் கற்றுத் தந்த பாடம் இது: ஒரே வீட்டிலுள்ள இரண்டு பிரதிகளும் ஒரே தண்ணீரில்தான் நனையும். முக்கியமான படங்களையும் பத்திரங்களையும் மட்டும் தனியாக ஒரு டிஸ்க்கில் எடுத்து, கடவுச்சொல் போட்டு, வேறு ஊரிலுள்ள ராத்தாவின் அலுமாரியில் வையுங்கள். அவருடையதை நீங்கள் வாங்கி வையுங்கள். இந்த வாரமே செய்யலாம் அல்லவா?