சில்லுகளால் சூது தூய்மையாகிவிடுமா?



நம்மிடம் சிறு வயதில் ஓதிச் சென்ற ஓர் இளைஞர் சில வாரங்களுக்கு முன் மஃரிபுக்குப் பின் நம்மைக் காண வந்தார். கையில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. "ஹஜ்ரத், பெருநாள் விடுமுறையில் வீட்டு மாடியில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு போட்டி வைக்கப் போகிறோம். பணத்தை வைத்து ஆடவில்லை, சிப் வைத்துத்தான் ஆடுகிறோம். இது கூடும்தானே?" என்று கேட்டார். நாம் தாளை வாங்கிப் படித்தோம். அது போக்கர் எனும் சீட்டாட்டப் போட்டிக்கான திட்டம்.

ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தாளில் இருந்த ஒழுங்கு நம்மை வியக்க வைத்தது. வெண்ணந்தூரில் தறி வைத்திருப்போர்கூடப் பாவு நூல் கணக்கை இத்தனை துல்லியமாக எழுதி வைப்பதில்லை. ஒரு தவற்றைக் கண்டிப்பதற்கு முன் அது என்ன என்பதைச் சரியாக அறிந்துகொள்வது கண்டிப்பவர் மீது கடமை. எனவே அத்திட்டத்தை முதலில் உள்ளபடியே சொல்லிவிடுகிறோம்.

தாளில் இருந்த கணக்கு

நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய். பன்னிரண்டு பேருக்கு 6,000 ரூபாய். முதல் பரிசு 3,000, இரண்டாம் பரிசு 1,800, மூன்றாம் பரிசு 1,200. மற்ற ஒன்பது பேருக்கும் எதுவும் இல்லை.

பெங்களூரில் பணிபுரியும் நண்பர் ஒருவர், 500 வட்டச் சில்லுகள் அடங்கிய அலுமினியப் பெட்டி ஒன்றைக் கொண்டு வருவார். ஒவ்வொருவருக்கும் 25 மதிப்புள்ள சில்லு 8, 100 மதிப்புள்ளது 8, 500 மதிப்புள்ளது 4, 1,000 மதிப்புள்ளது 7 என 27 சில்லுகள் தரப்படும். கூட்டினால் சரியாகப் பத்தாயிரம். எஞ்சிய சில்லுகள், சிறு மதிப்புடையவற்றைப் பின்னர் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுப்பதற்காம்.

அடுத்து 'பிளைண்டு' அட்டவணை. சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இருவர் கட்டாயமாகக் கட்ட வேண்டிய பந்தயத்துக்கு அப்பெயர். முதல் நிலையில் 25, 50. அடுத்து 50, 100. அதற்கடுத்து 75, 150. இப்படி இருபது நிமிடத்துக்கு ஒரு முறை உயர்ந்து, ஒன்பதாம் நிலையில் 500, 1,000 ஆகவும், பதின்மூன்றாம் நிலையில் 3,000, 6,000 ஆகவும் ஆகிவிடும். மொத்தம் நான்கு மணி நேரத்துக்கும் மேல். தொடக்கம் இரவு பத்து மணி. முதல் மூன்று நிலைகளுக்குள் தோற்றவர் மேலும் 500 ரூபாய் கட்டி மீண்டும் நுழையலாம்.

இவ்வளவுதான் திட்டம். இனி அதற்காக முன்வைக்கப்படும் வாதங்களைப் பார்ப்போம்.

"பணத்தை வைத்து ஆடவில்லை"

சில்லுக்குக் காசு மதிப்பில்லை, கடையில் கொடுத்தால் தேநீர்கூடக் கிடைக்காது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சில்லு கையில் வருவதற்கு 500 ரூபாய் கொடுக்கப்பட்டது. அது தீர்ந்துபோனால் அந்த 500 ரூபாய் மற்றொருவருடைய பைக்குப் போகிறது. இடையில் எத்தனை வண்ணச் சில்லுகள் கை மாறினாலும், தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பது பணமே.

'கிமார்' எனும் சூதுக்கு ஃபிக்ஹு அறிஞர்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. பங்கேற்கும் ஒவ்வொருவரும் தம் பொருளை வைத்து, மற்றவர் பொருளை அடைவார் அல்லது தம்முடையதை இழப்பார் எனும் நிலையில் இருந்தால் அது சூது. பந்தயப் பொருள் ஒட்டகமா, வெள்ளியா, ரூபாயா, ரூபாய்க்குப் பதிலான சில்லா என்பது அங்கே கேள்வியே இல்லை.

மாறாக, சில்லு செய்யும் வேலை வேறொன்று. 500 ரூபாயை அது பத்தாயிரமாகக் காட்டுகிறது. எதிரே அடுக்கடுக்காகக் குவிந்திருப்பதைக் காணும் கண், அது எந்தக் கூலியிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறது. நாள் முழுதும் விசைத்தறி முன் நின்று உழைப்பவருக்கு 500 ரூபாய் என்பது எத்தனை மணி நேரக் கால்வலி என்பதை இளைஞர்கள் தத்தம் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும். அந்த வலியை மறைத்துவிடுவதே சில்லின் பணி.

"இது அதிர்ஷ்டம் அல்ல, திறமை"

இவ்வாதம் நீதிமன்றங்களிலும் நீண்ட காலமாக ஒலித்து வருகிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழக அரசு 2021-இல் இணையவழிச் சூதாட்டத்துக்கு விதித்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் மீண்டும் சட்டம் இயற்றப்பட்டது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட அதன் அட்டவணையை 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் நீக்கியது. "பார்த்தீர்களா, நீதிமன்றமே திறமை என்று சொல்லிவிட்டது" என்று நம் இளைஞர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

இதற்கு நம் பதில் இரண்டு.

முதலாவது, அவர்கள் எழுதிய அட்டவணையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. தொடக்கத்தில் ஒருவரிடம் உள்ள பத்தாயிரம், பெரிய பிளைண்டைப் போல் இருநூறு மடங்கு. பொறுத்திருக்கலாம், எண்ணலாம், எதிராளியின் போக்கைக் கணிக்கலாம். ஒன்பதாம் நிலையில் அதே பத்தாயிரம் வெறும் பத்து மடங்கு. பதின்மூன்றாம் நிலையிலோ, மேசையில் உள்ள ஒரு லட்சத்து இருபதாயிரம் முழுவதையும் சேர்த்தாலும் இருபது மடங்குதான். அப்போது பொறுத்திருப்பவர் பொறுத்திருந்தே தீர்ந்துபோவார். கையில் வந்த இரண்டு சீட்டை நம்பி மொத்தத்தையும் தள்ளிவிடுவதைத் தவிர அவருக்குப் பெரிதாக வழியில்லை. பரிசு யாருக்கு என்பது முடிவாகும் நேரமும் அதுவே. பிளைண்டை ஏன் உயர்த்துகிறார்கள்? ஆட்டம் விடிவதற்குள் முடிய வேண்டும் என்பதற்காக. அதாவது, இரவு ஏற ஏறத் திறமையின் பங்கைக் குறைத்து, அதிர்ஷ்டத்தின் பங்கைக் கூட்டுவதற்கென்றே வரையப்பட்டது அந்த அட்டவணை. அதைத் தம் கையாலேயே எழுதிவிட்டு, "இது திறமை" என்று நம்மிடம் வாதிடுவது நியாயமா?

இரண்டாவது, முழுக்க முழுக்கத் திறமை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் விடை மாறாது. திறமையா, அதிர்ஷ்டமா என்பது சட்டம் எழுப்பிய கேள்வி. மார்க்கம் எழுப்பிய கேள்வி அதுவன்று. இரு தரப்பும் பொருள் வைத்து, வென்றவர் தோற்றவருடையதை எடுத்துக்கொள்கிறாரா என்பதே மார்க்கத்தின் கேள்வி. இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் எனும் வேறுபாடின்றித் தடை செய்தது. எத்தனையோ ஆண்டு வழக்குகளுக்கும், தமிழகத்தில் கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்ட எத்தனையோ குடும்பத் தலைவர்களின் இழப்புக்கும் பிறகு சட்டம் வந்து சேர்ந்த இடத்தில்தான் நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருக்கின்றன.

"அந்தச் சட்டம் இணையத்துக்குத்தானே, வீட்டு மாடிக்கு இல்லையே" என்று கேட்கலாம். சட்டத்தின் கை எட்டாத இடம் இருக்கலாம். நம் வலப்புறமும் இடப்புறமும் இருந்து எழுதும் வானவர்களின் ஏட்டுக்கு எட்டாத மாடி எது?

"ஒரு பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம்"

இளைஞர் இறுதியாகச் சொன்னது இது. நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் நண்பர்களே, குர்ஆன் தடுத்த 'மைசிர்' எப்படி ஆடப்பட்டது என்பதை அறிவீர்களா?

அறியாமைக் காலத்து அரபியர் ஓர் ஒட்டகத்தை வாங்கி அறுப்பார்கள். பத்து அம்புகள் இருக்கும். ஃபத், தவ்அம், ரகீப், ஹில்ஸ், நாஃபிஸ், முஸ்பில், முஅல்லா எனும் ஏழு அம்புகளுக்கு முறையே ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மற்ற மூன்றும் வெற்று அம்புகள். நம்பிக்கையான ஒருவர் அவற்றைக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பார். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைச் சுமப்பார்கள். வென்றவர்களோ இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். தஃப்ஸீர் நூல்களில் இது விரிவாக உள்ளது.

அங்கேயும் ஒழுங்கான பட்டியல் இருந்தது, பங்குக் கணக்கு இருந்தது, நடுவர் இருந்தார், ஏழைகளும் பயனடைந்தார்கள். மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதாகவே சூரா அல்பகரா (2:219) ஏற்றுக்கொண்டு, ஆயினும் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. பின்னர் சூரா அல்மாயிதா (5:90, 91) அதை ஷைத்தானின் அருவருப்பான செயல் என்று கூறி முற்றாகத் தடுத்தது. ஏழைக்கு முழு ஒட்டகத்தையும் கொடுத்த சூதே ஹராம் என்றால், ஆறாயிரத்தில் ஐந்நூறு கொடுக்கும் சூது எப்படி ஹலாலாகும்? "வா, சூதாடுவோம்" என்று வாயால் அழைத்தவரே அதற்காகத் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அழைப்புக்கே பரிகாரம் எனில், ஆட்டத்துக்கு என்ன சொல்வது?

அல்மாயிதா சூராவின் அவ்வசனம் தடைக்குக் காரணங்களையும் சொல்கிறது: உங்களுக்கிடையே பகை விளையும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கப்படுவீர்கள். அட்டவணையை மீண்டும் பாருங்கள். பத்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இரண்டு மணிக்கு மேல் முடிகிறது. பஜ்ருக்கு எழுபவர் எத்தனை பேர்? தோற்ற ஒன்பது பேரில், "இன்னொரு ஐந்நூறு கட்டியிருந்தால் மீட்டிருப்பேன்" என்ற எண்ணத்தோடு உறங்கச் செல்பவர் எத்தனை பேர்? நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று தமிழகத்தின் இணைய விளையாட்டு ஆணையம் 2025-இல் தனி விதியே வகுத்தது. இரவின் அந்தப் பொழுதில் மனிதன் எவ்வளவு பலவீனமானவன் என்பதை உலகச் சட்டமே உணர்ந்திருக்கிறது.

நம் முகத்திலேயே திரும்பிய கேள்வி

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் அமைதியாகக் கேட்டார்: "ஹஜ்ரத், சென்ற பெருநாளுக்கு நடந்த கிரிக்கெட் போட்டியிலும் ஒவ்வொரு அணியும் நுழைவுக் கட்டணம் கட்டியது. அந்தப் பணத்திலிருந்துதான் பரிசு வாங்கினார்கள். பரிசை எடுத்துக் கொடுத்தவர் நீங்கள்தானே?"

நம்மால் உடனே பதில் சொல்ல இயலவில்லை. பரிசுப் பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் அன்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கிரிக்கெட் தன்னளவில் ஆகுமான விளையாட்டே. ஆனால் அணிகள் கட்டிய பணமே வென்ற அணிக்குப் பரிசாகப் போனால், மேலே சொன்ன அதே அளவுகோல் அங்கும் பொருந்தும். ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றில் பரிசுக்கு அனுமதி தந்த நபிமொழியை விளக்கும்போதுகூட, பந்தயம் இரு தரப்பிலிருந்தும் வரும் நிலைக்கு அறிஞர்கள் எத்தனை நிபந்தனைகளை வைத்திருக்கிறார்கள்! சீட்டாடும் இளைஞரை மட்டும் கடிந்துவிட்டு, மட்டை பிடிப்பவருக்குக் கோப்பை கொடுத்தால் நம் சொல்லுக்கு என்ன மதிப்பு? கூலிக்காரர்களின் பணத்தில் நடக்கும் குலுக்கல் பரிசுத் திட்டங்களில் நம் பெரியவர்கள் சேரும்போது நாம் மௌனமாக இருந்ததும் இதே குற்றமே. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

எனவே இதை இளைஞர்களுக்கு மட்டும் சொல்லவில்லை, நம் ஜமாஅத் முழுமைக்கும் சொல்கிறோம். போட்டிகளில் அணிகளிடம் பெறும் பணம் திடல், பந்து, உணவு ஆகிய செலவுகளுக்கு மட்டுமே போகட்டும். பரிசை, போட்டியில் பங்கேற்காத ஒருவர் தம் பொருளிலிருந்து கொடுக்கட்டும். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று கலக்க வேண்டாம்.

"அப்படியானால் கட்டணமும் பரிசும் இல்லாமல் போக்கர் ஆடலாமா?" என்றும் கேட்டார். பொருள் வைக்காதபோது அது கிமார் ஆகாது. நேர்மையாக இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் 'நர்த்' எனும் பகடையாட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதனுடன் ஒப்பிட்டுச் சீட்டாட்டத்தைப் பணமின்றியும் தடுத்த அறிஞர்கள் பலர் உள்ளனர். அத்துடன், பந்தயம் கட்டுவதையே உயிராகக் கொண்ட ஆட்டம் இது. பந்தயத்தைக் கையால் பழகியவருக்கு, சில்லுக்குப் பதில் ரூபாயை வைக்க அதிக நாள் ஆகாது. விலகியிருப்பதே நம் அறிவுரை.

ஏற்கெனவே இவ்வாறு ஆடி வென்றவர்கள், யாரிடமிருந்து பெற்றார்களோ அவர்களிடமே பணத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். உரியவரைக் கண்டறிய இயலாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தவ்பா செய்யட்டும்.

அந்த இளைஞர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நண்பர்களிடம் பேசிப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிச் சென்றார். அவர் என்ன முடிவெடுத்தார் என்று நாம் இன்னும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பெருநாள் போட்டிக்கு நம்மைப் பரிசு வழங்க அழைப்பவர்களிடம், பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கேட்பது என்று நாம் முடிவெடுத்துவிட்டோம்.

ஹலாலான உழைப்பில் பரகத்தையும், இரவுகளில் அமைதியையும், பஜ்ரில் விழிப்பையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.