பூட்டு வேண்டும்தான், ஆனால் சாவி யாரிடம்?



கொஞ்சம் நீளமான பதிவு. கையில் போன் உள்ள எல்லோருக்கும் உரிய விஷயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

2025 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கூகுள் சேவைகளோடு வரும் அண்ட்ரொய்ட் போன்களில் ஒரு ஆப்பைப் போட வேண்டுமென்றால், அதைச் செய்தவர் தன் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் கொடுத்து கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். பிளே ஸ்டோருக்கு வெளியே எடுக்கும் ஆப்புக்கும் இதே சட்டம்தான். 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் ஆரம்பம். 2027 இலிருந்து மற்ற நாடுகளுக்கும் வரும் என்றார்கள். அதாவது நமக்கும்.

அவர்கள் சொல்லும் காரணம் பொய்யல்ல. வெளியிலிருந்து போடும் சில ஆப்கள் எஸ்எம்எஸ்ஸை வாசிக்க அனுமதி கேட்கும். நாம் யோசிக்காமல் "அலவ்" கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓடிபி இலக்கம் திருடனுக்கும் போய்ச் சேரும். சிங்கப்பூரில் இப்படிப் பலர் பணத்தை இழந்ததால்தான், இந்த மாதிரி அனுமதி கேட்கும் ஆப்களைத் தடுக்கும் முயற்சியை 2024 பெப்ரவரியில் கூகுள் அங்கு ஆரம்பித்தது. நம் வீட்டில் இருக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் அப்படியொரு தடுப்பு நல்லதே. அதை நாங்கள் எதிர்க்கவில்லை.

நாங்கள் கேட்பது வேறு. காசு கொடுத்து வாங்கிய போனில் கடைசி முடிவு யாருடையது? வீட்டுக்குப் பூட்டுப் போட்டுத் தருபவர் சாவியையும் தானே வைத்துக்கொண்டால், அந்த வீட்டில் நாம் குடியிருக்கிறோமே தவிர, அது நம்முடையதல்ல.

"தப்பான ஆப்பைப் போடாதவனுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டது நமக்கு மறக்காது. 2019 ஏப்ரலிலும் அப்படித்தான். உறவுகளின் நலம் விசாரிக்க எத்தனை பேர் விபிஎன் தேடி ஓடினோம்? ஆப்களுக்கு ஒரே ஒரு வாசல்தான் என்றாகிவிட்டால், அரசாங்கங்கள் அந்த ஒரு வாசலைத் தட்டினால் போதும். ரஷ்யாவில் அதுதான் நடந்தது. 2024 ஜூலையில் அரசு கேட்டதும் அப்பிள் நிறுவனம் அந்நாட்டு ஸ்டோரிலிருந்து பல விபிஎன் ஆப்களை நீக்கியது. ஐபோனில் அங்குள்ளவர்களுக்கு வேறு வாசல் இருக்கவில்லை.

இன்னொரு விஷயம். நம் பிள்ளைகள் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறார்கள். ஒரு மாணவன் பரீட்சை வினாக்களுக்கு ஒரு சின்ன ஆப் செய்து வகுப்புத் தோழர்களுக்குக் கொடுக்க நினைத்தால், முதலில் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றில் பதிந்து வா என்பது நியாயமா?

பாதுகாப்புத்தான் உண்மையான அக்கறை என்றால், பழைய போன்களை ஏன் கைவிடுகிறார்கள்? நம்மில் பலரிடம் இருப்பது விலை குறைந்த போன், இல்லாவிட்டால் இரண்டாம் கைப் போன். அவற்றில் பலவற்றுக்குச் சில வருடங்களிலேயே பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூனிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு மொடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடங்களுக்கு அப்டேட் கொடுக்க வேண்டும். இங்கே அப்படிக் கேட்க ஒரு சட்டமும் இல்லை. அப்டேட்டும் தரமாட்டார்கள், நாமாக வேறு மென்பொருள் போட்டுப் பாவிக்கவும் பல கம்பனிகள் விடமாட்டார்கள்.

பலரும் எதிர்த்த பிறகு, 2025 நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. விளங்கிப் பாவிப்பவர்கள் எச்சரிக்கைகளைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே பதிவில்லாத ஆப்பைப் போட ஒரு வழி வைப்போம் என்றார்கள். மாணவர்களுக்குத் தனியான ஒரு கணக்கு முறையும் தருவோம் என்றார்கள். சரியான முறை இதுதான் என்பது எங்கள் கருத்து. பூட்டு ஆரம்பத்திலேயே போட்டிருக்கட்டும், திறக்கும் உரிமை சொந்தக்காரனிடம் இருக்கட்டும். கேட்டதால்தான் இதாவது கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் உரிமை கேட்பவனுக்குப் பொறுப்பும் உண்டு. நம்மூரில் அடிக்கடி கேள்விப்படும் மோசடிக்கு ஆப்பே தேவையில்லை. தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்து "ஒரு ஆறு இலக்கக் கோட் வந்திருக்கும், அனுப்புங்க" என்று மெசேஜ் வரும். அனுப்பினால் கணக்குப் பறிபோய்விடும். பிறகு நம் பெயரில் நம் உறவுகளிடமே காசு கேட்பார்கள். இதைக் கூகுளின் எந்தப் பூட்டும் தடுக்காது.

ஆகவே இன்றைக்கே செய்யக்கூடியவை:

1. ஓடிபி, கோட் எதையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். கேட்பவர் சொந்த நானாவாக இருந்தாலும், முதலில் கோல் எடுத்துக் குரலைக் கேளுங்கள்.

2. வட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ ஸ்டெப் வெரிபிகேஷனைப் போட்டு, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் இலக்கத்தை வையுங்கள்.

3. வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே பைல்களைத் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து ஆப் போடுவதென்றால், அதைச் செய்தவர் யார், எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு போடுங்கள்.

4. டோர்ச் லைட் ஆப் ஒன்று எஸ்எம்எஸ் வாசிக்க அனுமதி கேட்டால் கொடுக்காதீர்கள். அழித்துவிடுங்கள்.

5. போன் வாங்கும்போது கெமராவை மட்டும் கேட்காமல், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.

ஆசிரியர்களாகிய எங்களால் முடிந்தது, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதற்கென்று அரை மணித்தியாலம் ஒதுக்குவது. பள்ளிவாசல் நிர்வாகிகளும் பெண்களுக்கு வேறாக ஒரு நிகழ்ச்சி வைத்தால் இன்னும் நல்லது. நம் போனை நாமே காக்கப் பழகாவிட்டால், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்களே முடிவெடுக்கிறோம் என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், பேசுவோம். வஸ்ஸலாம்.