வாசற்பனியும் வீட்டுத் தலைவரும்

2022-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் தொடங்கி நான்கு நாட்கள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பபலோ நகரின் சுற்றுப்புறத்தை வெண்பனி மூடிற்று. நகருக்குத் தெற்கேயுள்ள சில ஊர்களில் அது ஆறடிக்கு மேல் குவிந்தது. புயல் ஓயுமுன்னரே இருவர் மாண்ட செய்தி வெளியாயிற்று. அவர்கள் வழி தவறிக் குளிரில் விறைத்தவர்கள் அல்லர். பனியை அகற்றும் உழைப்பினால் இதயம் தாளாது இறந்தவர்கள்.

பபலோ மக்களுக்குப் பனி புதியதன்று. நகரின் மேற்கே ஈரி ஏரி கிடக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் ஏரி நீர் இன்னும் வெதுவெதுப்பாயிருக்க, அதன்மேல் வீசும் கடுங்குளிர்க் காற்று ஈரத்தை அள்ளிக் கொணர்ந்து கரையில் பனியாகக் கொட்டுகிறது. இதை அறிந்தே வாழ்பவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் ஏன் இந்தச் சாவு? அங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் தெருவிலிருந்து கார்க்கொட்டகை வரை ஒரு பாதை உண்டு. பனி நின்றதும் அதைத் துப்புரவு செய்வது, வாசல் பெருக்குவதுபோல் ஒரு வீட்டு வேலை என்றே கருதப்படுகிறது. இங்குதான் பிழை தொடங்குகிறது.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். பாதையின் நீளம் 10 மீட்டர், அகலம் 3 மீட்டர், பனியின் உயரம் 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மொத்தம் 9 கன மீட்டர். புதிதாய் விழுந்த பஞ்சுபோன்ற பனியே கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். ஆக 900 கிலோ. வாரிக்கு 5 கிலோ அள்ளினாலும் 180 முறை குனிந்து, தூக்கி, வீச வேண்டும். ஈரம் ஏறிய பனியாயின் எடை இரு மடங்கு, மும்மடங்காகும். ஆண்டு முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்த ஐம்பது வயதுக்காரர், காலைக் காப்பி முடிந்ததும் செய்ய முனையும் வேலை இது!

1995-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நோயற்றவர், ஆனால் உடற்பயிற்சிப் பழக்கமில்லாதவர் பத்து ஆடவரைப் பனி அள்ளச் செய்தனர். இரண்டே நிமிடங்களில் அவர்களது இதயத் துடிப்பு, உடற்பயிற்சிக்கு வகுக்கப்பட்ட மேல்வரம்பைத் தாண்டிற்று. காரணம் விளங்கக்கூடியதே. நடக்கும்போது கால்கள் இரத்தத்தை மேலேற்ற உதவுகின்றன. இங்கோ கால்கள் ஊன்றி நிற்க, கைகள் மட்டும் பாடுபடுகின்றன. பளுவைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சை அடக்குகிறோம். இரத்த அழுத்தம் ஏறுகிறது. குளிர்காற்றோ இதயத்துக்கு இரத்தம் தரும் குழாய்களைச் சுருக்குகிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், 20 சென்டிமீட்டர் பனி பொழிந்த மறுநாள் ஆடவரிடையே மாரடைப்பு மரணத்தின் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியதைக் கண்டனர்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் மக்களைக் கொண்ட பெற்றோர் நம் வாசகரிடையே பலர். அங்கே சென்று குளிர்காலத்தைக் கழிக்கும் தந்தையர், "சும்மா இருப்பானேன்?" என்று வாரியைக் கையிலெடுப்பதும் உண்டு. இதய நோயோ, இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். கூலிக்கு வந்து அள்ளித்தரும் அண்டைவீட்டுப் பையனிடம் வேலையை விடுவதில் இழுக்கொன்றுமில்லை.

உடல் வலுவுள்ளவரும், பொழிவு முடியட்டும் என்று காத்திராமல், அரை அடி சேருமுன் ஒருமுறை, பின்னர் ஒருமுறை எனப் பகுத்து அள்ளுவது நலம். தூக்குவதைவிடத் தள்ளுவது எளிது. தூக்கியே ஆகவேண்டுமெனில் முழங்காலை மடக்கிச் சிறிதளவே தூக்குக. இடுப்பைத் திருகித் தோளுக்குப் பின்னே வீசாதீர்கள்.

எல்லாம் முடிந்து நிமிரும் வேளையில் நகராட்சியின் பனி தள்ளும் வண்டி வந்து, தெருப்பனியை நம் பாதையின் வாயிலிலேயே அணைபோல் ஒதுக்கிச் செல்லும். இதற்காக ஓட்டுநரைச் சபியாத இல்லம் அங்கில்லை எனலாம். தெருவை நோக்கி நின்றால் வண்டி இடப்புறமிருந்து வரும். ஆகவே வாயிலின் இடப்பக்கத்துத் தெருவோரத்தில் முன்னரே ஓரிடத்தை ஒழித்து வைத்தால், சுமையில் பெரும்பகுதி அங்கே விழுந்துவிடும்.

பனி வீசும் எந்திரம் உழைப்பைக் குறைக்கும். ஆனால் அடைப்பு எடுக்கையில் விரல்களைப் பறிக்கும். எந்திரத்தை நிறுத்திய பின்னும் உள்ளே கத்தி இறுக்கத்தோடு நிற்கக்கூடும்; கையை விடாமல் கழியால் நீக்குக.

காரைப்பற்றி ஒரு சொல். 2016 ஜனவரியில் நியூஜெர்சி மாநிலத்துப் பசேக் நகரில் தந்தை வெளியே பனி அள்ளிக்கொண்டிருக்க, குளிருக்கு அடக்கமாய் ஓடும் காருக்குள் அமர்ந்திருந்த தாயும் பிள்ளைகளும் நச்சுப் புகைக்கு இரையாயினர். புகைக்குழாயின் வாயைப் பனி அடைத்திருந்தது. ஆதலால் முதல் வாரிப் பனி புகைக்குழாயைச் சுற்றியே அள்ளப்பட வேண்டும். அதுவரை எஞ்சினை முடுக்கலாகாது.

அள்ளும்போது மார்பில் அழுத்தமோ, இடக்கையில், தாடையில் வலியோ, மூச்சுத் திணறலோ தோன்றினால் வாரியைக் கீழே போட்டுவிட்டு உடனே 911-க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். அந்த எண் இரு நாடுகளுக்கும் ஒன்றே.