காலிலும் ஒரு பம்ப்செட்!

கிணத்துத் தண்ணியை மேலே ஏத்த மோட்டார் மட்டும் போதாது, அடியில் ஃபுட்வால்வும் வேணும். இது மெக்கானிக்கல் பசங்களுக்குத் தெரியும். நம் காலிலும் அதே ஏற்பாடுதான்!

கெண்டைக்காலில் மேலே காஸ்ட்ரோக்னீமியஸ், அதற்கு அடியில் சோலியஸ் என்று இரண்டு தசைகள். இரண்டும் ஒரே தசைநாணாகச் சேர்ந்து குதிகாலைப் பிடித்திருக்கின்றன. நடக்கும்போது குதிகாலைத் தூக்க இவை சுருங்கும். அப்போது உள்ளிருக்கும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். சிரைகளில் உள்ள வால்வுகள் அதை மறுபடி இறங்க விடாது. டாக்டர்கள் இதை 'இரண்டாவது இதயம்' என்பது சும்மா இல்லை.

ஆனால் அசையாமல் நின்றால் பம்பு ஓடாது. ரத்தம் தேங்கிக் கால் வீங்கும். நாளடைவில் நரம்புச் சுருட்டும் வரலாம். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் எங்க அம்மாவின் காலே சாட்சி.

கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் சட்டத்தைத் திருத்தின. நாற்காலி போட்டால் மட்டும் போதுமா? உட்கார விடணுமே!

நாளைக்கு சூப்பர்வைசர் ஆகப்போகிறவர்கள் நாம். லேத் முன்னால் நிற்கிறவரை நடுநடுவே உட்காரவும், நாலு எட்டு நடக்கவும் விடுவோம். மிஷினுக்கு ஓய்வு கொடுக்கிறோமே, மனுஷனுக்கு வேண்டாமா?