டிஸ்குக்கும் பாகப்பிரிவினை!

கம்ப்யூட்டரை இயக்கும் "விண்டோஸ் 10"-க்கு மைக்ரோசாப்ட் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு "விண்டோஸ் 11"-ஐ ஏற்கும் தகுதி இல்லை. அதற்காக அவற்றைத் தூக்கி எறிவதா? வேண்டாம்!

தகவல்களைச் சேர்த்து வைக்கும் ஹார்டு டிஸ்கை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாகத்தில் விண்டோஸ் இருக்கட்டும். மற்றதில் இலவசமாகக் கிடைக்கும் "லினக்ஸ்" குடியேறட்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும், எது வேண்டும் என்று அதுவே கேட்கும். இன்டர்நெட் வேலைக்கு லினக்ஸ். பழைய புரோகிராம்களுக்கு விண்டோஸ்!

ஆனால், குறுக்குச்சுவர் எழுப்பினாலும் கூரை ஒன்றுதான். டிஸ்க் கெட்டால் இரண்டு பாகமும் போய்விடும். பிரிக்கும்போது கை தவறினாலும் கல்யாணப் படங்கள், குழந்தையின் படங்கள் அத்தனையும் அழியலாம்.

ஆகவே, முதலில் வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள். அதைத் திறந்து பாருங்கள். அதன் பிறகே பாகப்பிரிவினை!